இருபத்திரண்டு பச்சை ராத்திரிகள்

காலை பத்து மணிக்கு எங்கள் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடிக் கோடியில் வந்து நின்றால் ஒரு குரல் கேட்கும். "வணக்கம்ங்க. நேத்து எத்தனை மணிக்குக் கழட்டுனீங்க?" கழற்றினீர்களா என்று கேட்காது. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்கும். கழற்றியிருப்பார்கள் என்பதில் அந்தக் குரலுக்குச் சந்தேகமே கிடையாது. பதினோரு வருஷமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறது. எதிரே மேஜை போட்டு டோக்கன் கொடுப்பவள் நான் என்பதால், பதினோரு வருஷமாக நானும் இதைக் கேட்டுத் தொலைக்கிறேன்.

நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர் மாஸ்க்கம்மா. நான் அக்கா என்பேன். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவள், பார்த்தால் பத்து வயது மூத்தவள் மாதிரி இருப்பாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதனால் இதையும் அவள் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். "சொல்லிட்டுப் போடி, நீ சொல்லலைன்னா கண்ணாடி சொல்லப்போகுது" என்பாள்.

எங்கள் பிரிவுக்கு வருகிறவர்களுக்கு ஒரே வியாதிதான். தூங்கும்போது தொண்டை மூடிக்கொண்டு மூச்சு நின்று நின்று வரும். குறட்டை என்று வீட்டில் எல்லோரும் வருஷக்கணக்காகச் சிரித்திருப்பார்கள். நின்ற மூச்சை இழுக்க உடம்பு பதறி எழுந்துகொள்ளும், மறுபடி தூங்கும், மறுபடி நிற்கும். ஒரு ராத்திரிக்கு இருநூறு தடவை, முந்நூறு தடவை. காலையில் கேட்டால் ஆளுக்கு ஒன்றும் நினைவிருக்காது, பகலெல்லாம் தூங்கி வழிவார்கள். இதற்கு ஒரு மெஷின் இருக்கிறது. டிபன் பாக்ஸ் அளவுதான். குழாய் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும். குழாயின் முனையில் மாஸ்க், அதை மூக்கின் மேல் வைத்துத் தலையைச் சுற்றிப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். போட்டால் மூச்சு நிற்காது. போட்டால்! போட வைப்பதுதான் அக்காவின் உத்தியோகம்.

அந்த மெஷின் ஒன்றையும் மறைக்காது. யார் எத்தனை மணி நேரம் போட்டிருந்தார்கள் என்பதைத் தினமும் காலையில் அக்காவின் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். நாலு மணி நேரத்தைத் தாண்டினால் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி. குறைந்தால் சிவப்பு. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அந்தப் பட்டியலில். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை. இன்னொரு ஆள் போடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே நாலு மேனேஜர் மாறிப் போய்விட்டார்கள்.

போடாததற்கு இவர்கள் சொல்லும் காரணம் இருக்கிறதே, அடேயப்பா! ஒரு புது மாப்பிள்ளை கல்யாணமான நாளிலிருந்து மெஷினைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார், பெண்டாட்டி பயந்துவிடுவாளாம். ரிட்டயரான பேங்க் மேனேஜர் ஒருவர் பதினைந்து நாள் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு படுத்தார், மெஷினை ஆன் செய்யவே இல்லை. "ஒரு பலனும் தெரியலையேம்மா" என்று போனில் அக்காவைப் பிடித்து ஒரு மணி நேரம் திட்டினார். நானாக இருந்தால் நன்றாகக் கொடுத்திருப்பேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்க சார், இன்னைக்கு அந்தப் பெரிய பட்டனை மட்டும் ஒரு தடவை அழுத்திப் பாருங்க" என்றாள்.

அவளுக்கென்று ஒரு வழி உண்டு. முதல் நாளே யாரையும் மாஸ்க்கோடு தூங்கச் சொல்ல மாட்டாள். பட்டப்பகலில், நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பர் படித்துக்கொண்டே பத்து நிமிஷம் போடச் சொல்வாள். "முதல்ல அதோட பழகுங்க, தூக்கம் அப்புறம் வரட்டும்" என்பாள். எதிரே அவளும் ஒரு மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பேசுவாள். காற்று ஒழுகுகிறது என்று பட்டையை இறுக்குகிறவர்களிடம், "இறுக்க இறுக்கத்தான் இன்னும் ஒழுகும், விடுங்க, தளர விடுங்க" என்பாள். மீசையைக் கொஞ்சம் கத்தரிக்கச் சொல்வாள். மூக்கு காய்ந்தால் தண்ணீர்த் தொட்டியில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றச் சொல்வாள். ஒரு வேலையாக இருந்தால் பரவாயில்லை, ஒவ்வொரு மூஞ்சிக்கும் ஒவ்வொரு வேலை.

இத்தனை பேரைத் தூங்க வைக்கிறவள் தூங்குவது என்னவோ ஐந்து மணி நேரம்தான். வீட்டில் முட்டி வலிக்கார மாமியார், அச்சகத்தில் இரண்டு ஷிப்டு பார்க்கும் புருஷன், பரீட்சைக்குப் படிக்கும் மகள். எல்லோருக்கும் வடித்துக் கொட்டிவிட்டு ஏழரை மணி பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். மாதத்துக்கு இரண்டு தடவையாவது ஸ்டாப் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வருவாள். நெற்றியில் கம்பி பதிந்திருக்கும். "தூங்கிட்டியாக்கா?" என்றால், "அங்கதான்டி எனக்குத் தூக்கமே" என்பாள்.

அந்த டிரைவர் எங்களிடம் வந்தது மழை ஓய்ந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. டவுன் பஸ் ஓட்டுகிறவர். நாற்பத்தாறு வயது, தடித்த கழுத்து, மேலுதட்டை மூடிய மீசை. பின்னால் அவர் மனைவி, ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு. சிக்னலில் சிவப்பு விளக்குக்கு நின்றவர் அப்படியே தூங்கிவிட்டார். கால் பிரேக்கிலிருந்து நழுவி, பஸ் தானாக உருண்டு முன்னால் நின்ற காரின் பின் விளக்கை உடைத்துவிட்டது. ஒருவருக்கும் அடியில்லை. ஆனால் டெப்போவில் விடுவார்களா? வண்டியை வாங்கிக்கொண்டு டெஸ்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் டெஸ்ட் ரூமில் ஒரு ராத்திரி ஒயர் மாட்டிப் படுக்க வைத்ததில், மணிக்கு நாற்பத்தேழு தடவை மூச்சு நின்றது தெரிந்தது. டெப்போவின் நிபந்தனை தெளிவாக இருந்தது. முப்பது நாள் தருவோம். அதில் இருபத்தொரு ராத்திரியாவது நாலு மணி நேரத்துக்கு மேல் மெஷின் போட்டிருக்க வேண்டும். டாக்டர் லெட்டர் கொண்டுவந்தால் பஸ். இல்லையென்றால் பஸ் கழுவுகிற ஷெட்.

"பத்தொன்பது வருஷம் மேடம். ஒரு கீறல் விழுந்தது கிடையாது" என்றார் அவர். "இந்த வயசுல பைப்பைப் பிடிச்சிக்கிட்டு வண்டி கழுவச் சொல்றாங்க. என்கிட்ட வண்டி கத்துக்கிட்டவனெல்லாம் ஓட்டிட்டுப் போவான், நான் துடைச்சு விடணுமா?"

"கழுவ வேண்டாம் சார். போடுங்க, ஓட்டுங்க" என்றாள் அக்கா.

அவரால் போட முடியவில்லை. நாற்காலியில் பத்து நிமிஷம் சமாளித்தார். படுத்தால் போயிற்று. "யாரோ மூஞ்சி மேல கையை வச்சு அழுத்துற மாதிரி இருக்கு மேடம். நான் நல்லாத்தான் கட்டிக்கிட்டுப் படுக்குறேன். எப்பப் பிடுங்கிப் போடுறேன்னே தெரியல." முதல் நாள் இருபது நிமிஷம். அடுத்த நாள் முப்பத்தைந்து. எட்டு நாளும் சிவப்பு. அக்கா வேறு மாஸ்க் மாற்றிக் கொடுத்தாள், காற்று மெதுவாக ஏறுகிற மாதிரி மெஷினைத் திருத்திக் கொடுத்தாள், மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போன் போட்டாள். எட்டு நாள் போய்விட்டால் மிச்சம் இருபத்திரண்டு. அதில் ஒரு நாள்தான் தவறலாம்.

ஒன்பதாம் நாள் காலையில் அந்த மனைவி போன் செய்தாள். அக்காவின் எதிரே ஒருவர் பல்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், இன்னொரு போன் அடிக்கிறது.

"அக்கா, அவங்க மணியை மட்டும்தான் பாப்பாங்களாக்கா?"

"ஆமாம்மா, டெப்போவுக்கு மணிதான் கணக்கு. எப்படியாவது நாலு மணி நேரம் வர வை. நீதான் பக்கத்துல இருக்க" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த போனை எடுத்தாள்.

மறுநாள் பச்சை. ஆறு மணி பத்து நிமிஷம். அதற்கு மறுநாளும் பச்சை. அப்புறம் விடாமல் பச்சை. அக்கா என் மேஜைக்கு வந்து, "பார்த்தியாடி, டிரைவர் பிடிச்சுட்டாரு" என்றாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து ஒரு வருஷம் இருக்கும். போனில் அவரும் துள்ளினார். "காலைல எந்திரிச்சா தலைமாட்டுல கிடக்கு மேடம். இப்பதான் கழட்டுனீங்கன்னு வீட்டுக்காரி சொல்றா. எனக்கே நம்ப முடியல." இன்னும் பகலில் தூக்கம் வருகிறதா என்று அக்கா கேட்டாள். "கொஞ்சம் வருது. போகப் போகச் சரியாயிடும்ல?" என்றார். ஆகிவிடும் என்றுதான் அக்காவும் நினைத்தாள். சிவப்பாக இருப்பவர்களின் விவரத்தைத்தான் அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பாள். பச்சையைத் திறந்து பார்க்க நேரம் ஏது?

முப்பது நாள் முடிந்தது. இருபத்திரண்டு பச்சை. மூச்சு நின்ற சராசரியும் தாளில் ஒற்றை இலக்கத்துக்கு வந்திருந்தது. டாக்டர் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை காலையில் புருஷனும் பெண்டாட்டியும் லெட்டர் வாங்க வந்தபோது அக்கா உள்ளே ஒருவருக்கு மாஸ்க் அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கவரைக் கொடுத்தேன். திங்கட்கிழமை முதல் ட்ரிப் எடுக்கப்போவதாகச் சொன்னார். முகமெல்லாம் பல்லாக நின்றார்.

எனக்குத்தான் அவரைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம், அந்தப் பெண்ணின் முகம். முந்தானையால் மறைத்துக்கொண்டே இருந்தாள். கூட வந்தவர் கையெழுத்துப் போடக் குனிந்தபோது முந்தானை விலகியது. இரண்டு கன்னத்திலும் சிவந்து கன்றிப்போன தடம்.

அவர்கள் போனதும் அக்காவிடம் போய்க் கொட்டினேன். "உன் டிரைவர் பெரிய யோக்கியன்னு தலையில தூக்கி வச்சு ஆடுறியே, பொண்டாட்டியைப் போட்டு அடிக்கிறான்க்கா அந்தாளு! அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பார்த்தியா? கன்னமெல்லாம் கன்றிக் கிடக்கு. இவனுக்கெல்லாம் லெட்டர் ஒரு கேடா?"

"எந்தக் கன்னம்?" என்றாள் அக்கா.

"ரெண்டும்தான். கோடு போட்ட மாதிரி. கண்ணுக்குக் கீழ ஆரம்பிச்சுக் காது வரைக்கும் போகுது. மூக்குத் தண்டுலகூட ஒரு சிவப்பு. கண்ணாடி போடுற ஆளும் இல்லை."

அக்காவின் கையிலிருந்த மாஸ்க் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அந்த இருபத்திரண்டு ராத்திரியையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். நானும் பின்னால் நின்று பார்த்தேன். எனக்கே புரிந்தது, அவ்வளவு பச்சையாகத் தெரிந்தது. ஒவ்வொரு ராத்திரியும் முதல் அரை மணி நேரம் திரையில் மூச்சுக் கோடு எகிறிக் குதிக்கிறது, மூச்சு நிற்கிறது, மெஷின் முக்கி முக்கிக் காற்றை அழுத்துகிறது. பிறகு ஐந்து நிமிஷம் ஒன்றுமே இல்லை. அதன் பிறகு விடிய விடிய ஒரு சலனம் கிடையாது. லேசான காற்று, சின்னச் சின்ன மூச்சு, ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"முதல் அரை மணி நேரம் அவரு" என்றாள் அக்கா. "அதுக்கப்புறம் அவ."

அவள் முகம் சின்னது, அவருடைய மாஸ்க் பெரியது. ஒழுகாமலிருக்கப் பட்டையைப் பிடித்து இறுக்கியிருக்கிறாள். அதுதான் கன்னத்தில் தடம். நான் ஒரு பாவமும் அறியாத மனுஷனை மனசுக்குள் என்னென்ன திட்டினேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அக்கா உடனே போன் போட்டாள். அந்தப் பெண்தான் எடுத்தாள். அக்கா ஸ்பீக்கரில் வைத்திருந்ததால் நானும் கேட்டேன்.

"ஏம்மா, ராத்திரி மெஷினை நீதான் போட்டுக்குறியா?"

"அவருக்குத் தெரியாதுக்கா" என்றாள். "தூக்கத்துல பிடுங்கிப் போட்டுடுவாரு. வீணா கிடக்கேன்னு நான் எடுத்து மாட்டிக்குவேன். மணிதானேக்கா கேட்டீங்க? காலைல அவர் முழிக்கிறதுக்குள்ள கழட்டி அவர் பக்கத்துல வச்சிருவேன்."

"அப்ப அவருக்கு மூச்சு நிக்குமே."

"நான் முழிச்சிட்டுத்தான் இருப்பேன். நின்னா தட்டி விடுவேன். அது எட்டு வருஷமா பழக்கம்தானேக்கா."

"எட்டு வருஷமா நீ எப்பம்மா தூங்குற?"

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "சொல்லிடாதீங்கக்கா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். யூனிபார்ம் துவைச்சுத் தேய்ச்சுத் தொங்கவிட்டிருக்கேன். நேத்தெல்லாம் அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. இது போச்சுன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவாருக்கா."

அக்கா போனைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். "நான் தினமும் பஸ்லதாம்மா வரேன்" என்றாள். "ஏறி உக்காந்ததும் தூங்கிடுவேன். என்னை மாதிரி பாதி பஸ் தூங்கும். முன்னாடி ஒருத்தர் முழிச்சிருக்காருன்னுதானே தூங்குறோம்? அவரைத் தட்டிவிட அங்க நீ இருக்க மாட்டியே." பிறகு, "நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வா. லெட்டரையும் எடுத்துட்டு வரச் சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனுஷன்தான், ஆனால் கையெழுத்துப் போட்டவர் அவரல்லவா, முகத்தில் ஈயாடவில்லை. "நான் பேசிக்கட்டுமாக்கா?" என்றார். "வேண்டாம் டாக்டர். எப்படியாவது வர வைன்னு வாயைக் கொடுத்தது நான். திறந்து பார்க்காததும் நான். நானே பேசுறேன்" என்றாள். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. நான் விடுவேனா? "உனக்கு எதுக்குக்கா இந்த வம்பு? லெட்டரை மட்டும் சத்தமில்லாம வாங்கி வச்சுக்கிட்டு இன்னொரு முப்பது நாள் கொடுத்துட்டுப் போயேன். டெப்போவுக்கு எதுக்குச் சொல்லணும்?" என்றேன். "அவரு தரலைன்னா?" என்றாள்.

சனிக்கிழமை அவர் மட்டும்தான் மேலே ஏறி வந்தார். மனைவியைக் கீழேயே நிற்க வைத்துவிட்டார். மெஷின் பை தோளில். வீட்டில் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்க வேண்டும், கண் இரண்டும் சிவந்திருந்தன.

அக்கா திரையைத் திருப்பிக் காட்டினாள். எது அவர் மூச்சு, எது அவர் மனைவியின் மூச்சு என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். அவர் பார்க்கவே இல்லை.

"அவ பண்ணுன தப்புக்கு நான் என்ன மேடம் பண்ணுவேன்? நான் ஏமாத்தல."

"நீங்க ஏமாத்தலைன்னு எனக்குத் தெரியும் சார். லெட்டரைக் கொடுங்க. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்."

"தர முடியாது. டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது."

"அப்ப டெப்போவுக்கு நான் போன் பண்ணணும்."

"பண்ணிடுவீங்களா?" என்று எழுந்தார். குரல் உடைந்தது. "ஒரே ஒரு மாசம் விடுங்க மேடம். வண்டி எடுத்துட்டே பழகிக்கிறேன். டீ குடிச்சுக் குடிச்சு ஓட்டுறேன். பத்தொன்பது வருஷம் ஓட்டுனவன் மேடம், எனக்குத் தெரியாதா?"

"சிக்னல்ல தூங்குனது தெரிஞ்சுதா சார் உங்களுக்கு?"

அக்கா போனை எடுத்தாள். "உங்க முதுகுக்குப் பின்னாடி பண்ண மாட்டேன். உங்க எதிர்லயே பண்றேன்" என்று சொல்லிவிட்டு டெப்போ மேனேஜரிடம் பேசினாள். பதிவில் தவறு நடந்துவிட்டது, லெட்டர் செல்லாது என்றாள். மனைவி போட்டுக்கொண்டாள் என்று சொல்லவில்லை. கவனிக்காமல் விட்டது எங்கள் பிரிவுதான் என்று தன் தலையில் போட்டுக்கொண்டாள். மேனேஜர் அதற்கெல்லாம் மசிகிற ஆளில்லை. ஆறு மாதத்துக்கு வண்டி கிடையாது, அப்புறம் பார்க்கலாம் என்றார். திங்கட்கிழமையிலிருந்து ஷெட்.

டிரைவர் தோளிலிருந்த பையைக் கழற்றி என் மேஜை மேல் தொப்பென்று போட்டார். "நீங்களே வச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்குங்க" என்று அக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அக்கா அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். ஐம்பத்திரண்டு வயசு, மூச்சு வாங்க இரண்டு மாடி. அவர் திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். மரத்தடியில் நின்ற அவர் மனைவியிடம் பையைக் கொடுத்தாள். "நீ மட்டும் மாட்டிக்காதம்மா" என்றாளாம். அவ்வளவுதான் பேச்சு. மேலே வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், மேஜையில் தலையைச் சாய்த்தாள், அப்படியே தூங்கிப்போனாள். மத்தியானம் மூன்று மணி. வெளியே ஒன்பது டோக்கன் காத்திருந்தது. மாஸ்க்கம்மாவுக்கு உடம்பு சரியில்லை, திங்கட்கிழமை வாங்க என்று நானே எல்லோரையும் விரட்டிவிட்டேன். ஒருவர் முறைத்தார். நானும் முறைத்தேன்.

அதன் பிறகு தினமும் பத்து மணிக்கு முதல் போன் அந்த டிரைவருக்குத்தான். எடுக்க மாட்டார். எடுத்தாலும், "ஷெட்ல இருக்கேன், கையெல்லாம் ஈரம்" என்று வெட்டிவிடுவார். ஒரு நாள், "இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?" என்று கத்தினார். பட்டியலில் சைபர், சைபர், சைபர். பன்னிரண்டு நாள் அப்படியே ஓடியது. அக்கா வாடிவிட்டாள். அந்த மாதம் மூன்று தடவை ஸ்டாப்பைத் தாண்டிப் போனாள். "வேலையை விட்டுடலாம்னு இருக்குடி" என்று ஒரு நாள் சொன்னாள். விட்டால் நல்லது என்றுகூட எனக்குத் தோன்றியது.

பதின்மூன்றாம் நாள் நாற்பது நிமிஷம் வந்தது. அக்கா என்னைக் கூப்பிடவில்லை. தானே திறந்து பார்த்தாள். கோடு எகிறிக் குதித்தது, காற்று கண்டபடி ஒழுகியது, மெஷின் முக்கியது. "அவருதான்" என்றாள் மெதுவாக. அடுத்த நாள் ஒன்றே கால் மணி. அப்புறம் ஐம்பது நிமிஷம். ஒரு வாரம் கழித்து இரண்டரை மணி. ஒவ்வொன்றும் சிவப்பு. அந்தச் சிவப்பைத்தான் அவள் தினமும் வந்ததும் வராததுமாகத் தேடினாள். டிரைவருக்குப் போன் போடுவதை நிறுத்திவிட்டாள். கேட்டால், "சும்மா இருடி, கலைச்சு விட்டுறாத" என்பாள்.

ஒரு மாதமும் சொச்சமும் கழித்து ஒரு வியாழக்கிழமை நாலு மணி இருபது நிமிஷம் வந்தது. பச்சை. அக்கா மூன்று தடவை திறந்து மூடினாள். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே ஆள். தடித்த கழுத்துக்காரரின் மூச்சு, மேலே ஏறிய காற்று, ஒழுகல் குறைந்திருக்கிறது, மீசையைக் கத்தரித்திருக்க வேண்டும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது, அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பெண்தான்.

"அக்கா, அது நான் இல்லைக்கா. சத்தியமா நான் இல்லை."

"தெரியும்மா. பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

"நேத்து நான் தூங்கிட்டேன்கா." அவள் குரலில் பயம் இன்னும் போகவில்லை. "எப்படித் தூங்குனேன்னே தெரியல. கண்ணைத் திறந்து பார்த்தா விடிஞ்சிருச்சு. சத்தமே இல்லை. எனக்கு உசுரே போயிடுச்சு. பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தா, மாஸ்க்கோட தூங்கிட்டு இருக்காருக்கா. நெஞ்சு ஏறி ஏறி இறங்குது. பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போனை என்னிடம் நீட்டினாள். நான் என்னத்தைப் பேச? "எப்படிம்மா போட்டாரு?" என்று மட்டும் கேட்டேன்.

"உங்க மேல இருக்குற கோவத்துலதான்கா" என்றாள் அவள். பேசுவது நான் என்று அவளுக்குத் தெரியவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. தினமும் படுக்கும்போது உங்களைத் திட்டிக்கிட்டேதான் மாட்டுறாரு. 'அந்தம்மாவுக்குக் காட்டுறேன் பாரு, அந்தம்மா மூஞ்சியில கரியைப் பூசுறேன் பாரு'ன்னுக்கிட்டே பட்டையைக் கட்டுறாரு. ஆறு மாசம் கழிச்சு உங்க எதிர்ல வந்து நின்னு லெட்டர் கேக்கணுமாம். அதுவரைக்கும் உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டாராம். நல்லபடியா நாலு மணி நேரம் போட்டாரு, மாஸ்க்கம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம்னு சொல்லட்டுமாக்கா? கொஞ்சம் மனசு இறங்குவாரு."

அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "ஐயோ, வேண்டாம்மா! சொல்லிடாத" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை. "நாலு மணிதானான்னு மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டேன்னு சொல்லு. இதெல்லாம் ஒரு கணக்கான்னு கேட்டேன்னு சொல்லு. நான் சந்தோஷப்பட்டேன்னு தெரிஞ்சா கழட்டி வச்சிருவாரும்மா."